வேட்டையை விட்டது முன்னேற்றமா?

கற்கால மனிதன் காடு மேடெல்லாம் அலைந்தான். கிடைத்தால் உண்டான், கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்தான். ஒருநாள் விதையை மண்ணில் ஊன்றக் கற்றுக்கொண்டான். அன்றோடு அவனது பசியும் அலைச்சலும் தீர்ந்தன. வேளாண்மை தோன்றிய வரலாற்றை நம்மில் பலர் இப்படித்தான் அறிந்து வைத்திருக்கிறோம். கேட்பதற்கு இனிமையான கதைதான். ஆனால், வேட்டையாடி வாழ்ந்தவர்களை அறிவிலிகளாகவும் பயிரிட்டவர்களை அறிவாளிகளாகவும் நம் மனத்தில் பதித்துவிடுவது இக்கதையே. ஆகவே, இதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பசியை எடுத்துக்கொள்வோம். 1966ஆம் ஆண்டில் ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் துருக்கி நாட்டில் ஒரு சோதனை செய்தார். அங்குள்ள மலைச்சரிவுகளில் காட்டுக் கோதுமை தானாகவே விளைந்து கிடக்கும். அதைக் கல்லால் ஆன பழங்கால அரிவாளைக் கொண்டு அறுத்துப் பார்த்தார். ஒரு மணி நேர உழைப்புக்குச் சுமார் ஒரு கிலோ தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் உழைத்தால், ஓராண்டுத் தேவைக்கும் மேலாகச் சேர்த்துவிடலாம் என்று அவர் கணக்கிட்டார். உழவில்லை, நீர் பாய்ச்சவில்லை, களை எடுக்கவில்லை. இவ்வளவு எளிதாக உணவு கிடைத்தபோது எவர்தாம் உழப் போவார்?

அடுத்து, அலைச்சல். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரைரா என்ற பழைய ஊர் இருந்தது. புதிதாகக் கட்டிய அணையின் நீரில் அவ்விடம் மூழ்கப் போகிறது என்பதால், 1972, 1973ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அங்கு அவசர அவசரமாக அகழாய்வு செய்தார்கள். ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் குடியிருப்பு அமைத்து வாழ்ந்தது தெரியவந்தது. ஆனால், அவர்கள் உழவர்கள் அல்லர், வேட்டையாடியவர்கள்! ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக வந்த மான்களை வேட்டையாடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தாவர வகைகளின் விதைகளையும் கனிகளையும் சேகரித்து உண்டார்கள். அதாவது, அங்கே ஊர் முதலில் வந்தது; வயல் பின்னால் வந்தது.

அப்படியானால், ஏன் மாறினார்கள்? சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் வட்டாரத்தின் தட்பவெப்பம் திடீரெனக் குளிர்ந்து வறண்டது. அந்நிலை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. காட்டுத் தானியங்கள் குறைந்ததால் மக்கள் தாமே விதைக்கத் தொடங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இடம்விட்டு இடம் நடக்கும் தாயால் ஒரு குழந்தையைத்தான் தூக்கிச் செல்ல முடியும். ஓரிடத்தில் தங்கிவிட்டால் அந்தத் தடை இல்லை. குழந்தைகள் பெருகினர், வாய்கள் பெருகின. பெருகிய வாய்களுக்குக் காடு போதவில்லை. வயல்தான் சோறு போட்டது. வயலை விட்டுவிட்டுக் காட்டுக்குத் திரும்பவும் வழியில்லை. புலி வாலைப் பிடித்தவன் கதைதான்.

அதற்குக் கொடுத்த விலை என்ன? அபு ஹுரைராவின் எலும்புகளே பதில் சொல்கின்றன. வேளாண்மை செய்த காலத்துப் பெண்கள் பலரின் கால் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்திருந்தன. முழங்காலிலும் கீழ்முதுகிலும் சிதைவு காணப்பட்டது. ஏன் தெரியுமா? அவர்கள் தரையில் மண்டியிட்டு, கால்விரல்களை மடக்கி ஊன்றி, அம்மியைப் போன்ற கல்லில் நாள்தோறும் பல மணி நேரம் தானியம் அரைத்திருக்கிறார்கள். மாவில் கலந்த கல்துகள் பற்களையும் தேய்த்துவிட்டது. வேளாண்மையைப் போற்றிப் பேசும்போது ஏரையும் அரிவாளையும் நினைக்கிறோம். அந்த அரைகல்லையும் அதன் முன்னே மண்டியிட்டவர்களையும் யார் நினைக்கிறார்கள்?

வேளாண்மையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேமித்து வைத்த தானியம் இருந்ததால்தான் குயவரும் நெசவாளரும் எழுத்தரும் தங்கள் தொழிலைச் செய்ய முடிந்தது. இன்று உலகில் வாழும் 800 கோடி மக்களுக்கும் மானும் காட்டுக்கிழங்கும் போதா. என் மறுப்பெல்லாம் ‘நாகரிகமற்றவர்’ என்ற சொல்லைப் பற்றியதே.

அச்சொல் எவ்வளவு தவறானது என்பதை அறிய சிரியா வரை போக வேண்டியதில்லை. பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில், ஒரு குகையில் கண்டெடுக்கப்பட்ட ‘பேராக் மனிதன்’ சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவனும் வேட்டையாடி, உணவு சேகரித்து வாழ்ந்த கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பிறவியிலேயே அவனது இடக்கை குறைபாடுடையது. இருந்தும் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்தான். இறந்தபின் அவனது கால்களை மடக்கி, கல்கருவிகளையும் இறைச்சியையும் ஆற்று நத்தைகளையும் உடன் வைத்துப் பக்குவமாகப் புதைத்திருக்கிறார்கள். வலுவற்றவனைக் கைவிட்டுச் செல்லும் கூட்டமா இப்படிச் செய்யும்?

நம் நாட்டின் பூர்வக்குடிகளான பாத்தேக் மக்கள் இன்றும் தாமான் நெகாரா காடுகளில் உணவு தேடி வாழ்கிறார்கள். காட்டுக்கிழங்கு தோண்டுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், பிரம்பும் அகிலும் சேகரித்து விற்று அரிசி வாங்குகிறார்கள். ஓரிடத்தில் சில நாள் தங்கிப் பிறகு வேறிடம் செல்பவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் உழாத காட்டை ‘வெறும் நிலம்’ என்று நாம் எண்ணுகிறோம். எந்த மரம் எப்போது காய்க்கும், எந்தக் கொடியின் அடியில் கிழங்கு இருக்கும் என்று அறிந்தவர்களுக்கோ, அதில் ஓரிடமும் வெறுமை இல்லை.