ஸஃப்பில் ஓர் இடம்

இளைஞர்கள் பள்ளிவாசலை விட்டு விலகுவதற்குக் கைப்பேசியே காரணம் என்று பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அந்த விளக்கம் நமக்கு மிகவும் வசதியானது. எனவேதான் அதை ஏற்கத் தயங்குகிறேன்.

இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம்மைக் கிறிஸ்தவர் எனப் பதிந்தோர் 2011இல் 59.3 விழுக்காடு, 2021இல் 46.2 விழுக்காடு. மதம் இல்லை என்றோர் 25.2 விழுக்காட்டிலிருந்து 37.2 ஆயினர். இவர்கள் அனைவரும் தத்துவம் கற்று இறைமறுப்புக்கு வந்தவர்களா? முன்பு கல்வியும் ஏழைக்கு உதவியும் பெருமளவு தேவாலயத்தின் வழியே வந்தன. அவற்றை அரசு ஏற்றபின் ஞாயிறு வழிபாடு எஞ்சியது. அதுவும் வெறும் பழக்கமாகி, தலைமுறைதோறும் தளர்ந்தது.

இதற்கு நேர்மாறான வரலாறு நம் தென்காசி மாவட்டத்திலேயே உண்டு. சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துத் திரும்புவோருள் எத்தனை பேர் அருகிலுள்ள மீனாட்சிபுரத்தை நினைக்கிறார்கள்? 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினர். நாடாளுமன்றம் வரை அது பேசப்பட்டது. வளைகுடாப் பணம் என்றனர் சிலர். அம்மக்கள் சொன்ன காரணமோ தீண்டாமை. ஊரில் கிடைக்காத மரியாதை ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கையில் கிடைக்கும் என்று நம்பி வந்தார்கள்.

அந்த நம்பிக்கைக்கு நம் ஜமாஅத்துகள் இன்று தகுதியுடையனவா? அயல்நாட்டில் உழைக்கும் மகனின் பெயர் சந்தாப் பேரேட்டில் இருக்கிறது. நிர்வாகக் கூட்டத்தில் அவனுக்குக் குரல் இல்லை. பட்டம் பெற்ற மகளுக்குப் பல பள்ளிவாசல்களில் தொழ இடமே இல்லை. (இதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன், அவளிடம் கருத்துக் கேட்பதில் என்ன வேறுபாடு?) மஹர் பெயரளவுக்கு, வரதட்சணை இலட்சக்கணக்கில் என்றாலும் நிக்காஹ் தஃப்தர் தடையின்றித் திறக்கிறது. பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். தொழுதுகொண்டே அநாதையை விரட்டுவோரையும் அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்போரையும் ஸூரா அல்மாஊன் எச்சரிக்கிறது. அதை அவர்கள் நம் மக்தப்களில்தான் மனனம் செய்தார்கள்.

வரும் ரமலானில் பைத்துல்மாலின் ஜகாத் கணக்கை இருபது வயதினரிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். பெறுவோர் பட்டியலை முஹல்லாவின் பெண்கள் தயாரிக்கட்டும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்கே முதலில் தெரியும்.