பெயரில் நாடு தேடுவோர்

அப்துல்லாஹ் என்ற பெயரைக் கேட்டவுடன், "உங்கள் பூர்விகம் எந்த நாடு?" என்று வினவுவோர் இன்றும் உளர். அவர்களுக்குப் பெயரின் மறுபாதி கண்ணில் படுவதில்லை. தென்காசி வட்டாரத்தில் பலருடைய பெயரோடு வரும் 'ராவுத்தர்' என்பது குதிரை வீரனைக் குறிப்பது, அரபுச் சொல்லன்று. அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனையே ராவுத்தன் என விளித்தார். அன்று எவருக்கும் அச்சொல் அந்நியமாகப் படவில்லை.

1981 பிப்ரவரியில், நம் வடகரைக்கு அண்மையிலுள்ள மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினர். சாதி சொல்லி ஒதுக்கிய காலமெல்லாம் அவர்களை மண்ணின் மைந்தரென மார்தட்டியவர் யார்? பெயர் மாறியதுதான் தாமதம், வளைகுடாப் பணம் என்றும் அந்நியச் சதி என்றும் கூச்சல் கிளம்பிற்று. முந்தின நாள் உழுத வயல் மறுநாள் வேற்று நாடாகிவிட்டதா?

நம்மவரிலும் ஒரு சாரார், இல்லாத அரபு வமிசம் பேசி, ராவுத்தர் என்பதை மறைத்துப் பெருமை கொள்கின்றனர். வந்தேறி என்று ஏசுவோருக்குச் சாட்சி சொல்வது இவர்களே! ஊரையும் நாட்டையும் பெயரோடு சேர்க்கும் நிஸ்பா அரபிகளின் வழக்கமேயன்றோ? ஸல்மான் (ரலி) பார்ஸீ என்றும், பிலால் (ரலி) ஹபஷீ என்றுமே இன்றளவும் அறியப்படுகின்றனர். வடகரையார் என எழுதிக்கொள்ள நமக்கு மட்டும் என்ன கூச்சம்?