சேர் செய்யாத கணக்கு

பிள்ளைகளுக்கான கார் இருக்கை பற்றிச் சென்ற இதழில் கட்டுரை எழுதியவர் அட்டாளைச்சேனையில் இரண்டு தலைமுறைக்குக் கணிதம் படிப்பித்தவர். அந்த மரியாதையில் அவரை இங்கும் சேர் என்றே சொல்கிறேன். ஆனால் கட்டுரை முழுக்க வேகம், நிறை, தூரம் என்று பேசியவர் ஓர் இடத்திலாவது பெருக்கவும் இல்லை, வகுக்கவும் இல்லை. மாணவன் ஒருவன் இப்படி விடை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் சேர் பூச்சியம் போட்டிருப்பார்.

அவருடைய வாதம் இதுதான். உம்மாவின் மடியை விடப் பத்திரமான இருக்கை உலகத்தில் இல்லை. நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம், ஒன்றும் ஆகவில்லை. நமது ஊர்களில் வேகமே கிடையாது. பட்டி வைத்த இருக்கை என்பது வளைகுடாவிலிருந்து பெட்டி கட்டி வந்த பவிசு. அப்படியும் மனம் கேட்காவிட்டால், மூன்று வயதில் முதுகுச் சாய்வு இல்லாத பூஸ்டர் மெத்தை ஒன்றை வாங்கிப் போட்டு, காரின் சீட் பெல்ட்டையே மாட்டிவிடலாம். ஐந்து முனைப் பட்டி வைத்த இருக்கைக்குக் காசைக் கொட்டுவது வீண் விரயம். மிச்சம் அல்லாஹ்வின் நாட்டம்.

நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம் என்பதை முதலில் பார்ப்போம். சேர் உம்மாவின் மடியில் இருந்து போனது மாட்டுவண்டிலில். அது மணிக்கு 5 கிலோமீற்றர் போயிருக்கும். இன்றைய கார் 50 போகிறது. வேகம் பத்து மடங்கு. மோதும் சக்தியோ வேகத்தின் வர்க்கப்படி நூறு மடங்கு. வர்க்கம் என்றால் என்னவென்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அதை மறந்துவிட்டு, வண்டில் காலத்து அனுபவத்தைக் காருக்குச் சான்றாகக் கொண்டு வருகிறார்.

நமது ஊரில் வேகம் இல்லையாம். அக்கரைப்பற்றில் இருந்து கல்முனைக்குப் போகும் நமது தெரு ஊர் ஒழுங்கை இல்லை, கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலை. குடிமனைப் பகுதியில் காருக்கு 50, வெளியே 70 என்பது சட்டம். பாலமுனை தாண்டி ஒலுவில் பக்கம் போகிறபோது அந்த 70ஐ எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதைச் சேர் தமது வாசலில் நின்றே பார்க்கலாம். இரவில் நடுத்தெருவில் படுத்திருக்கும் மாடுகள், பின்விளக்கு இல்லாமல் பெட்டி இழுத்துப் போகும் லேண்ட்மாஸ்டர், அறுவடைக் காலத்தில் தெருவோரம் காயப்போட்ட நெல்லுக்கு விலகி நடுவுக்கு வரும் சைக்கிள் என்று திடீரென்று பிரேக் அடிக்க வேண்டிய காரணங்களுக்கு இங்கே குறைவில்லை.

இனி மடி. 14 கிலோ எடையுள்ள மூன்று வயதுப் பிள்ளை என்று வைப்போம். கார் 40இல் போகிறது. எதிரே நிற்கும் லொறியில் மோதி, முன்பக்கம் அரை மீற்றர் நசுங்கி நிற்கிறது. 40 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 11 மீற்றருக்குச் சற்று மேல். அந்த வேகம் அரை மீற்றருக்குள் பூச்சியமாவதற்குப் பத்தில் ஒரு செக்கன்கூட எடுக்காது. அந்த இமைப்பொழுதில் பிள்ளையை மடியிலேயே பிடித்து நிறுத்த உம்மாவின் கைகளுக்குத் தேவைப்படும் பலம் ஏறத்தாழ 175 கிலோவைத் தூக்குகிற பலம். ஏழு அரிசிச் சாக்கு, ஒவ்வொன்றும் 25 கிலோ. எந்த உம்மாவின் பாசமும் இதைத் தூக்காது. உம்மா பெல்ட் போட்டிருந்தால் பிள்ளை கையை விட்டுப் பறந்து டாஷ்போர்டில் மோதும். போடாமல் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிள்ளை முன்னால் மோத, அதன் பின்னால் உம்மாவின் முழு உடம்பும் அதே வேகத்தில் வந்து அதை நசுக்கும். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டினாலும் இதே கதிதான், பெல்ட்டுக்கும் உம்மாவுக்கும் நடுவில் பிள்ளை.

மடி வாதம் சேருக்குத்தான் முதலில் தோன்றியது என்றும் இல்லை. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் ரொபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் போராடி, சிறு பிள்ளைகளைப் பாதுகாப்பு இருக்கையில்தான் ஏற்ற வேண்டும் என்ற சட்டத்தை 1977இல் நிறைவேற்ற வைத்தார். அந்த நாட்டில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். 1978 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. ஆனால் அரசியல்வாதிகள் அதில் ஓர் ஓட்டை போட்டார்கள்: பெரியவர் ஒருவர் கையில் வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை. சேருடைய கட்டுரையின் சாரம் அப்படியே அந்த ஓட்டையில் இருக்கிறது. பிள்ளையை நசுக்கும் திருத்தம் என்று சாண்டர்ஸ் அதற்குப் பெயர் வைத்தார். மூன்று வருடம் கழித்து, 1981இல், அதே சட்டமன்றம் தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்தது. 1985க்குள் ஐம்பது மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்கு மேலாகக் குப்பையில் கிடக்கும் ஒரு திருத்தத்தைச் சேர் தூசு தட்டி எடுத்துத் தாய்மை என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

பின்சீட்டில் இருந்தால் பயமில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 2022 செப்டெம்பர் 4ஆம் திகதி இந்தியத் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தது பின்சீட்டில்தான். மெர்சிடிஸ் கார். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் இல்லாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்சீட்டு முன்சீட்டை விடப் பிள்ளைக்கு நல்லது என்பது உண்மை. ஆனால் கட்டப்பட்ட பிள்ளைக்குத்தான் அது நல்லது.

வளைகுடாப் பவிசு என்ற நக்கல் உண்மையில் நமது ஊரின் வாப்பாமாரைக் குத்துகிற நக்கல், அதனால் சும்மா விட முடியவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2017 ஜூலையில் இருந்து நான்கு வயது வரை பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், மீறினால் 400 திர்ஹம் தண்டம். பத்து வயதும் 145 சென்ரிமீற்றர் உயரமும் இல்லாதவரை முன்சீட்டில் ஏற்றவும் முடியாது. அங்கே குடும்பத்தோடு இருந்தவர் தண்டத்துக்குப் பயந்தோ பிள்ளைக்குப் பயந்தோ அந்த இருக்கையை வாங்கினார், பழகினார், வரும்போது கூடவே கொண்டு வந்தார். கட்டுநாயக்காவில் இறங்கியதும் பிள்ளையின் எலும்பு முற்றிவிடுமா? அந்த இருக்கை இன்று பல வீடுகளில் விறாந்தையில் சோறு தீத்தும் கதிரையாகக் கிடக்கிறது. நக்கல் அடிக்க வேண்டுமென்றால் சேர் அதற்கு அடித்திருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிய பிழைகள். ஆபத்தானது அவருடைய யோசனைதான், ஏனென்றால் நல்ல மனதோடு இருக்கை வாங்கக் கிளம்பும் பெற்றாரை அது நேராகப் பிழையான இடத்துக்கு அனுப்புகிறது.

பூஸ்டர் மெத்தை எதையும் பிடித்து வைக்காது. அதன் வேலை ஒன்றே ஒன்று: பிள்ளையை உயர்த்தி, பெரியவர்களுக்காகச் செய்த பெல்ட் சரியான எலும்புகளின் மேல் விழச் செய்வது. கீழ்ப்பட்டி தொடை மேலே இடுப்பெலும்பில் இருக்க வேண்டும். மேல்பட்டி தோளின் நடுவில், கழுத்தை உரசாமல். இதற்குப் பிள்ளை நிமிர்ந்து, நகராமல், தூங்கினாலும் சரியாமல் இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை அப்படி இருப்பதைச் சேர் எங்கே கண்டார்? நிந்தவூர் வருவதற்குள் தோள்பட்டியை முதுகுக்குப் பின்னால் தள்ளியிருக்கும், காரைதீவு தாண்டினால் பக்கவாட்டில் விழுந்து தூங்கும். அப்போது பெல்ட் வயிற்றில் ஏறி நிற்கும். சிறு பிள்ளையின் இடுப்பெலும்புக்கு, பெல்ட்டைத் தடுத்து நிறுத்தும் மேல் விளிம்பு இன்னும் சரியாக உருவாகியிருக்காது. மோதும்போது பட்டி வழுக்கி மென்வயிற்றை அறுக்கும். குடல் கிழியும், முதுகெலும்பு அந்தப் பட்டியின் மேலேயே மடியும். மருத்துவர்கள் 1960களிலேயே இதைச் சீட் பெல்ட் காயம் என்று தனியாகப் பெயரிட்டு எழுதிவிட்டார்கள்.

ஐந்து முனைப் பட்டி இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கவட்டில் ஒன்று என்று பிடிக்கிறது. விசையை உடம்பின் உறுதியான இடங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. பிள்ளை தூங்கினாலும் அது தூங்காது. ஆகையால் மூன்று வயது, நான்கு வயது என்று வருடக்கணக்கைப் பார்த்துப் பட்டியைக் கழற்றக் கூடாது. கிளினிக் புத்தகத்தில் மிட்வைஃப் எழுதிய நிறையையும் உயரத்தையும் பார்க்க வேண்டும். பட்டியில் இருந்து பெல்ட்டுக்கு மாற ஆகக் குறைந்தது 18 கிலோ என்பது பழைய எல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தர ஆண்பிள்ளை அந்த நிறையைத் தொடுவது ஐந்து வயதை நெருங்கும்போது. நமது பிள்ளைகளில் பலர் அதைவிட மெலிவு. காரின் பெல்ட்டைத் தனியாகப் போட 145 சென்ரிமீற்றர் வேண்டும், அதாவது ஏறத்தாழ பதினொரு வயது.

வீண் விரயம் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். பட்டியும் பூஸ்டரும் சேர்ந்த இருக்கைகள் இருக்கின்றன: 9 கிலோவில் இருந்து 18 வரை, சிலவற்றில் 25 வரை, ஐந்து முனைப் பட்டி, பிறகு பட்டியைக் கழற்றினால் அதே இருக்கை 36 கிலோ வரை முதுகுள்ள பூஸ்டர். ஒருமுறை வாங்கினால் பாடசாலையின் ஐந்தாம் ஆண்டு தாண்டும் வரை ஓடும். சேருடைய மெத்தையோ முதல் இரண்டு மூன்று வருடம் எதையும் காக்காது. எதில் காசு வீண்? ஆனால் ஒரு நிபந்தனை: பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட சிசுவை இதில் முன்பார்த்து இருத்தக் கூடாது, அதற்குப் பின்பார்த்த இருக்கைதான், அதையும் காற்றுப்பை உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது.

வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த கிலோவை மட்டும் நம்ப வேண்டாம். நமது பிள்ளைகள் மெலிந்து உயருகிறவர்கள். நிறைக்கு முன் உயரம் எல்லையைத் தாண்டும். முன்பார்த்த இருக்கையில் தோள்பட்டி வெளிவரும் துளை பிள்ளையின் தோளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். ஆகவே ஆக மேலே உள்ள துளை எவ்வளவு உயரம் என்று கடையிலேயே அளந்து பாருங்கள். பிள்ளையை இருத்திப் பூட்டிய பின் தோளருகே பட்டியை விரலால் நுள்ளிப் பாருங்கள்; மடிப்புப் பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐரோப்பியத் தர முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். துணியில் தைத்த, ஓடு இல்லாத வெறும் பட்டிகளைப் பிள்ளை இருக்கை என்று இணையத்தில் விற்கிறார்கள். அது இருக்கையே இல்லை. பழையது வாங்கினால் ஒருமுறையாவது மோதிய காரில் இருந்ததா என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

காரையும் பார்க்க வேண்டும். வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. நமது தெருக்களில் ஓடுபவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை. 2012க்குப் பின் ஜப்பானில் செய்த கார்களில் ஐசோஃபிக்ஸ் கொளுக்கி இருக்கும், சீட்டு இடுக்கில் விரல் விட்டால் தட்டுப்படும். இல்லாவிட்டால் இருக்கையைப் பெல்ட்டாலேயே இறுக்கலாம். பழைய வேன்களின் நடுவரிசையில் இடுப்புப்பட்டி மட்டும் இருக்கும். சேருடைய பூஸ்டர் மெத்தைக்கு மூன்று முனைப் பெல்ட் கட்டாயம். இடுப்புப்பட்டியோடு அதைப் போட்டால் மேலே சொன்ன வயிற்றுக் காயத்தை நாமே ஏற்பாடு செய்தது போலாகும். தாம் சிபாரிசு செய்யும் பொருளை நமது வேன்களில் பாதிக்கு மாட்டவே முடியாது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கிழக்குக் கரை வெயிலில் பக்கிள் சுடும் என்கிறார். சுடும். துவாய் ஒன்றைப் போட்டு மூடுங்கள்.

மிச்சத்தை அல்லாஹ்விடம் விட்டுவிடும் தவக்குல் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு வந்தவருக்கு ரசூலுல்லாஹ் என்ன சொன்னார்கள் என்று ஊர் மத்ரஸாவில் ஓதும் பிள்ளையைக் கேட்டால் சொல்லும்.

ஒரே ஓர் இடத்தில் சேர் நியாயம் பேசுகிறார். மோட்டார் சைக்கிளில் டாங்கியின் மேல் பிள்ளையை வைத்துப் போகும் குடும்பத்துக்கு, ஓட்டோவில் ஆறு பேர் போகும் குடும்பத்துக்கு, இந்த இருக்கை எந்த விதத்திலும் உதவாது. உண்மை. கார் இல்லாத வீட்டுக்கு யாரும் இதை விற்கவும் இல்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு, ஆகவே கார் உள்ளவனும் பிள்ளையைக் கட்டாமல் போகட்டும் என்று முடிக்கிறாரே, அது எந்தத் தேற்றம்? சட்டம் கேட்கவில்லையே என்பதும் அதே ரகம். முன்சீட்டுக்காரர் பெல்ட் போட வேண்டும் என்று நமது சட்டம் கேட்டது 2011இல். அதற்கு முந்திய வருடங்களில் ஸ்டியரிங் யாருடைய நெஞ்சையும் தொடாமல் இருந்ததா? அதிவேகப் பாதையில் பின்சீட்டுக்காரரும் போட வேண்டும் என்றது 2025இல்தான். சட்டம் வரும் வரை உடம்பு காத்திருக்காது.

கட்டுரையின் கடைசியில் பள்ளிவாசல்களும் விளையாட்டுக் கழகங்களும் இந்த வீண் விரயத்துக்கு எதிராக இளம் பெற்றாருக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று அழைப்பு விடுத்திருக்கிறார். புத்தி சொல்ல ஒரு விடயம் தேடுகிறார் என்றால் நான் தருகிறேன். நமது கார்களில் பெரும்பாலானவற்றில் பின்சீட் பெல்ட்டின் பக்கிள்கள் அழகுக்குப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. சேர் தமது காரிலிருந்தே தொடங்கலாம். ஒரு கத்தரிக்கோல் போதும்.