டிஜிட்டல் என்றால் ஒசத்தியா?

ஹாம் என்கிற அமெச்சூர் ரேடியோ பற்றிக் கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது. செல்போன் காலத்தில் இது எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் டெலிபோன்கள் வாயடைத்துப் போனபோது, போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகத்துக்குத் தகவல் சொன்னவர் டெல்லியைச் சேர்ந்த ஹாம் பாரதி பிரசாத். ஒரு ரேடியோ, ஓர் ஆன்டெனா. நடுவில் செல் டவர் இல்லை, இன்டர்நெட் இல்லை. அதனால்தான் அது பேசியது.

இப்போது புதிதாக லைசென்ஸ் வாங்கும் கல்லூரி மாணவனிடம், 'அனலாக் எல்லாம் பழசு தம்பி, டிஜிட்டலுக்குப் போயிடு' என்கிறார்கள். போகலாம். எந்த டிஜிட்டல்?

டி-ஸ்டார், டி.எம்.ஆர்., சிஸ்டம் ஃப்யூஷன் என்று மூன்று ஜாதி. ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிப்பதில்லை. இத்தனைக்கும் மூன்றிலும் குரலைச் சுருக்கித் தரும் சமாசாரம் ஒரே அமெரிக்கக் கம்பெனியின் கைவண்ணம். டி-ஸ்டாரில் உங்கள் குரல் விநாடிக்கு வெறும் 2,400 பிட்டாகிறது. ஒரே வீட்டு மாவில் சுட்ட தோசைதான், ஆனால் பந்தி தனித்தனி!

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் சாதாரண சீன எஃப்.எம். கைப்பெட்டி முப்பது டாலருக்குள் கிடைக்கிறது. டி-ஸ்டார் கைப்பெட்டிக்குப் பல நூறு டாலர் வேண்டும். மலிவான டி.எம்.ஆர். உண்டுதான். ஆனால் சேனல், டாக்-குரூப், கலர் கோட் எல்லாம் கம்ப்யூட்டரில் வைத்து நிரப்பியாக வேண்டும். அதற்குள் பையனுக்குப் பொறுமை போய்விடும்.

வாங்கியாச்சு. அக்கம்பக்கத்தில் டிஜிட்டல் ரிப்பீட்டர் இல்லையென்றால்? வீட்டில் குட்டி ஹாட்ஸ்பாட் வைத்து இன்டர்நெட் வழியாக லண்டனோடு பேசலாம். ரேடியோ அலை படுக்கையறையிலிருந்து ஹால் வரை போகிறது, மிச்சத்தை இன்டர்நெட் பார்த்துக்கொள்கிறது. இதற்கு வாட்ஸ்அப் போதாதா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் செல்போனில் சிக்னல் தேடிய சென்னைவாசிகளைக் கேட்டுப் பாருங்கள், அந்த 'மிச்சம்' எப்போது காலை வாரும் என்று.

'இந்தப் பெட்டிகளிலும் சாதாரண எஃப்.எம். இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. ஆபத்து நேரத்தில் எல்லோரும் அதற்குத்தான் திரும்பப் போகிறோம் என்றால், கூடுதல் பணம் எதற்கு? மேலும், அனலாக்கில் சிக்னல் தேய்ந்தால் இரைச்சலுக்கு நடுவே காது பழகி நாலு வார்த்தை பொறுக்கிக்கொள்ளும். டிஜிட்டல் கடைசி வரை சுத்தமாக ஒலித்து, கொஞ்சம் ரோபோ போல உளறி, சட்டென்று ஊமையாகிவிடும்.

டிஜிட்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை. இயற்பியலுக்கு 1993-ல் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-ல் எஃப்.டி.8 என்று ஒன்றைக் கொடுத்தார்கள். சாஃப்ட்வேர் இலவசம். கையிலிருக்கும் பழைய எச்.எஃப். ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் இணைத்தால், காதுக்கே எட்டாத சிக்னலைப் பதினைந்து விநாடித் துண்டுகளாகப் பிடித்துத் தருகிறது. அரட்டைக்கு உதவாது. ஆனால் இருப்பதை வைத்து இல்லாததைச் செய்கிறது. டிஜிட்டல் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்ஸீவரில், கிடைக்காத டொராய்டுக்குப் பதில் தண்ணீர்க் குழாய் வாஷரில் காயில் சுற்றினார்கள். அது உலகம் முழுக்கப் போனது. ஹாம் என்றால் அதுதான்.

எனவே தம்பி, பணத்தை எடுக்குமுன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேள். இன்டர்நெட் அறுந்தால் இந்த டிஜிட்டல் எத்தனை தூரம் பேசும்? நண்பனின் வேறு ஜாதிப் பெட்டியோடு பேசுமா? ரிப்பேரானால் நானே திறந்து சரிசெய்ய முடியுமா?

பதில் திருப்தியாக இல்லையென்றால், அவர் விற்பது ரேடியோ அல்ல, இன்னொரு செல்போன். அது ஏற்கெனவே உன் பாக்கெட்டில் இருக்கிறது.