பின் சில்லும் பிடிக்க வேண்டும்



யுத்தத்திலும் 2004 டிசம்பர் 26 சுனாமியிலும் குடும்பத் தலைவரை இழந்த வீடுகள் பலவற்றுக்கு வருமானம் தருவது ஒரு பழைய கார் அல்லது ஓட்டோதான். சிலர் தாமே ஓட்டுகிறார்கள். பலர் றைவரிடம் கொடுத்து நாள் வாடகை வாங்குகிறார்கள். வாகனம் நம்முடையது. ஆனால் அதில் என்ன பழுது, எவ்வளவு செலவு என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிகிறோம். "இது உங்களுக்கு விளங்காது ராத்தா" என்ற ஒரு வார்த்தையோடு நம் வாய் அடைக்கப்படுகிறது. விளங்காத விடயம் ஒன்றுமில்லை. இம்மாதம் பின் பிரேக்கைப் பற்றிப் பார்ப்போம்.

பிரேக்குக்கு முதன்முதலில் உறை போட்டவர் ஒரு பெண் என்று சொல்லப்படுகிறது. கார் செய்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், 1888 ஓகஸ்ட் மாதம் தன் இரு மகன்மாருடன் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல் கார் ஓட்டிச் சென்றார். சில்லை அழுத்தி நிறுத்தும் மரக்கட்டை இறக்கங்களில் தேய்ந்துபோனது. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் அந்தக் கட்டையின் மேல் தோல் அடிக்கச் செய்தார். இன்றைய பிரேக் லைனிங்குக்கு அதுவே ஆரம்பம்.

சிறிய கார்களின் பின் சில்லுகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்தான் இருக்கும். பெடலை மிதித்தால் பிரேக் ஒயில் குழாய் வழியாகப் போய், சில்லின் உள்ளே இருக்கும் சிறிய வீல் சிலிண்டரைத் தள்ளும். அது பிறை வடிவான இரண்டு சூக்களை விரிக்கும். சூவில் ஒட்டியிருக்கும் லைனிங், சுழலும் டிரம்மை உரசி நிறுத்தும்.

கார் நிற்கும்போது பாரம் முன்னால் சாய்வதால் முன் பிரேக்கே அதிக வேலை செய்கிறது. அதனால் பின் பிரேக் செத்துப்போனாலும் கார் எப்படியோ நிற்கும். பழுது வெளியே தெரியாது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சில்லைத்தான் பிடிக்கும். நமது கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கமெல்லாம் தட்டையான நிலம் என்பதால் அதன் பழுதும் இங்கே தெரிவதில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு மஹியங்கனை வழியாகக் கண்டி மலையில் ஏறி இறங்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவைப் பாருங்கள். லைனிங் தேயத் தேய ஒயில் மெல்லக் குறையும். ஆனால் பெற்றோலைப் போல அது எரிந்து முடிவதில்லை. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது என்றே அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியிடம் றைவர் ஒவ்வொரு மாதமும் பிரேக் ஒயிலுக்குக் காசு வாங்கிக்கொண்டிருந்தார். "ஊற்றுகிற ஒயில் எங்கே போகிறது?" என்று ஒருநாள் அவர் கேட்டார். சில்லைக் கழற்றச் சொன்னார். இடது பின் சில்லின் உட்பக்கம் நனைந்திருந்தது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் கார் அது. அந்த ஒரு கேள்வி எத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியதோ!

பெடலை மிதித்தபடி வைத்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கினால் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டரில் பழுது. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. முதல் மிதியில் ஆழமாகப் போய் இரண்டாம் மிதியில் மேலே நின்றால் சூக்கள் தளர்ந்துள்ளன. இரும்பு உரசும் சத்தம் வந்தால் லைனிங் முடிந்துவிட்டது. ஓடி நின்றதும் ஒரு பின் சில்லு மட்டும் சூடாகி மணந்தால் பிரேக் இறுகிவிட்டது. உப்புக் காற்றில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்தாலும் இப்படி ஆகும்.

திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

சமதரையில் காரை நிறுத்தி, முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கால் உயர்த்திய பின் உறுதியான தாங்கி வைக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பக் கூடாது. ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திய பிறகே டிரம்மைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

லைனிங் 1 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்தாலும் இரு பக்கமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு சில்லை முடித்த பிறகே மற்றதைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் எங்கே கொளுவுவது என்று பார்த்துக்கொள்ள ஒன்று மாதிரியாக இருக்கும். கையடக்கத் தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நீக்கிப் பாருங்கள். நனைந்திருந்தால் அதை மாற்ற வேண்டும். ஒயில் ஊறிய லைனிங்கைக் கழுவிக் காய வைத்துத் திரும்பப் போடக் கூடாது. அது பிடிக்காது.

பிறகு குழாயிலுள்ள காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சில்லிலுள்ள நிப்பிளைத் திறந்து, பெடலை விடுவதற்கு முன் மூட வேண்டும். குமிழி இல்லாமல் ஒயில் வரும்வரை இதைச் செய்ய வேண்டும். இடையில் டப்பா வெறுமையாகிவிடக் கூடாது. டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகை ஒயிலையே ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் ஊற்றினால் ரப்பர்கள் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுவது நல்லது.

சிலிண்டர் மாற்றுவதையும் காற்று எடுப்பதையும் பழக்கமில்லாதவர்கள் தனியே செய்யாமல் நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள். ஆனால் கராஜில் பக்கத்தில் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: கழற்றிய பழைய சாமானைக் காட்டுவீர்களா? இரண்டு பக்கமும் மாற்றினீர்களா? ஒவ்வொன்றின் விலையையும் பில்லில் எழுதித் தருவீர்களா? நேர்மையான பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார். காரைத் திருப்பி எடுக்கும்போது ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி, பெடல் உறுதியாக நிற்கிறதா, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பின்பே காசைக் கொடுங்கள்.

மாரி காலத்தில் வெள்ளத்துக்குள்ளால் ஓடி வந்தால் டிரம்மில் தண்ணீர் போய்ப் பிரேக் பிடிக்காது. மெதுவாக ஓட்டியபடி லேசாகச் சில தடவை மிதித்தால் காய்ந்துவிடும். இதை உங்கள் றைவருக்கும் சொல்லுங்கள்.

நாளைக் காலை வாகனம் வாசலை விட்டுப் போகுமுன் ஒருதரம் பொனட்டைத் திறந்து பாருங்கள். ஒயிலின் அளவைப் பேனையால் கோடு போட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அந்தக் கோடே உங்களுக்கு உண்மையைச் சொல்லும்.