அலமாரியில் கிடக்கும் அரபுத் தமிழ்

காயல்பட்டினத்தில் கல்யாண வீட்டுப் பேச்சானாலும் ஜும்ஆ பயானானாலும் கொஞ்ச நேரத்தில் 'மேல்நாட்டு நாகரிகம்' வந்துவிடுகிறது. வந்த வேகத்தில் அது பிள்ளைகளின் கைப்பேசியிலும் பெண்மக்களின் உடுப்பிலும் போய் நின்றுகொள்கிறது. பெற்றவர்களின் கவலையை நாம் இளக்காரமாக நினைக்கவில்லை. ஆனால் மேற்கு இந்தக் கரைக்கு நேற்று வந்ததல்ல. 500 ஆண்டுக் கணக்கை ஓர் உடுப்போடு முடித்துவிட முடியாது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கண்ட காயல் துறையில் ஏடனிலிருந்தும் ஹொர்முஸிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்றன. பிறகு பீரங்கியோடு போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். முத்துச் சலாபத்தில் மரைக்காயர்களோடு சச்சரவில் இருந்த பரதவர்கள் 1530களில் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடி ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538இல் வேதாளையில் முஸ்லிம் கப்பற்படை அவர்களிடம் தோற்றது. கடல் நம் கையைவிட்டு நழுவத் தொடங்கியது அப்போதுதான். அந்தப் பகையெல்லாம் ஆறிப்போய், போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்ற சொற்கள் மட்டும் நம் வீட்டுக்குள் தங்கிவிட்டன. அவை அந்நியச் சொற்கள் என்று இன்று யாருக்கும் தோன்றுவதில்லை.

வந்ததை எடுத்துத் தமதாக்கிக்கொள்ளத் தெரிந்தவர்களாகத்தான் நம் முன்னோர் இருந்தார்கள். கல்லச்சு ஜெர்மனியில் பிறந்த தொழில்நுட்பம். கையெழுத்தை அப்படியே பதிக்கும் அந்த அச்சு அரபு எழுத்துக்கு வாகாக அமைந்தது. அரபியில் இல்லாத ப, ங, ட, ண, ள, ழ ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டித் தமிழை எழுதிய அரபுத் தமிழ், ஏட்டிலிருந்து புத்தகமாகி வீடு வீடாகப் போனது 19ஆம் நூற்றாண்டில்தான். 1816இல் காயலில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், மார்க்கச் சட்டங்களை 'மகானி'யாக அந்த எழுத்தில் எழுதினார். ஆண்கள் கொழும்பிலும் கல்கத்தாவிலும் கடை பார்க்க, வீட்டிலிருந்த பெண்கள் அந்த நூல்களைப் படித்தார்கள். அதே எழுத்தில் கடிதமும் எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாதவர் என்பதால் அந்தப் பெண்களை எழுத்தறியாதவர் என்று சொல்வது பெரிய அநியாயம்.

அந்த எழுத்தை யாரும் தடை செய்யவில்லை. பள்ளிப் படிப்பு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறியது, உத்தியோகமும் அந்தப் பக்கமே இருந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் வாசிப்பு நின்றுபோனது. இதில் மேற்கை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். வளைகுடாவிலிருந்து வந்த புதிய மார்க்க விளக்கங்களும் பழைய மாலைப் பாடல்களையும் மௌலிதுகளையும் வேண்டாதவையாக ஒதுக்கிவைத்தன. அவை அச்சான எழுத்தும் அவற்றோடு ஒதுங்கியது.

படிப்பையும் மரபையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. 1882இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்று, நாடு கடத்தப்பட்டு மறு ஆண்டு இலங்கைக்கு வந்தவர் எகிப்தின் அராபி பாஷா. அவரும் 'முஸ்லிம் நேசன்' நடத்திய சித்திலெப்பையும் நவீனக் கல்விக்காகப் பாடுபட்டதில் 1892இல் கொழும்பில் உருவானதுதான் இன்றைய ஸாஹிரா கல்லூரி. ஆங்கிலேயனின் பீரங்கியை நேரில் கண்டவருக்கே அவன் மொழியைப் படிப்பது ஈமானுக்குக் குறைவாகப் படவில்லை. நம் பெண்பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதைப் பார்த்து நாம் ஏன் பதற வேண்டும்? உம்மம்மா எழுதிய கடிதத்தைப் பேத்தியால் படிக்க முடியவில்லையே, பதற வேண்டியது அதற்கு.

காயல் மகளுக்கு வீடு கொடுக்கும் ஊர். வீட்டோடு சேர்ந்து அந்தப் புத்தகங்களும் மகள்வழியாகவே வந்திருக்கின்றன. ஆகவே நம் வேண்டுகோள் முதலில் பெண்களிடம். அலமாரியைத் திறந்து பாருங்கள். பூச்சி அரித்த பழைய கிதாபுகளைப் பழைய தாள் வியாபாரியிடம் போடாதீர்கள். கிழிந்துவிட்டது என்று மண்ணில் புதைத்துவிடவும் வேண்டாம். கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடியுங்கள். வாசிக்கத் தெரிந்த முதியவர் வீட்டில் இருந்தால், பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் குரலையும் பதிந்துவையுங்கள். படம்பிடிக்க ஆளில்லை என்றால் நமக்கு ஒரு வரி எழுதுங்கள். வீட்டுக்கே வந்து படியெடுத்துக்கொள்கிறோம். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும்.