கேலிச்சித்திரத்துக்கு ஓர் இரவு, நீதிக்கு 11 ஆண்டுகள்

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா 2012 ஏப்ரல் 12 அன்று இரவு கைது செய்யப்பட்டார். தம் குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பியதே அவர் மீதான குற்றச்சாட்டு. சங்கத்தின் செயலாளராக இருந்த, வயது முதிர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளரும் அவருடன் கைதானார். அந்த வழக்கிலிருந்து பேராசிரியர் முழுமையாக விடுவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். சிறையில் அடைக்க ஓர் இரவு போதுமானதாக இருந்தது. குற்றமே இல்லை என்று சொல்ல ஏறத்தாழ 11 ஆண்டுகள் தேவைப்பட்டன. இந்திய நாட்டில் சட்டத்தின் ஆட்சி எந்தத் திசையில் விரைகிறது, எந்தத் திசையில் ஊர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்தக் கேலிச்சித்திரம் என்ன சொன்னது? 2012 மார்ச்சில் ரயில் கட்டணத்தை உயர்த்திய ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதியை அவருடைய கட்சித் தலைவி மம்தா பானர்ஜியே பதவியிலிருந்து இறக்கி, முகுல் ராயை அந்த இடத்தில் அமர்த்தினார். சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' திரைப்படத்தில் வரும் சிறுவனின் பெயரும் முகுல். தீயவர் ஒருவர் 'மறைந்துபோனார்' என்று அச்சிறுவனிடம் சொல்லப்படும் காட்சியை வங்காளத்தில் அறியாதவர் அரிது. அந்தக் காட்சியையும் இந்த அமைச்சர் மாற்றத்தையும் இணைத்த எளிய நகைச்சுவை அது. வங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்கும் புரியும் இந்தச் சிரிப்பு, ஆட்சியாளருக்கு மட்டும் சதியாகத் தெரிந்தது. ஆளும் கட்சியினர் பேராசிரியரின் குடியிருப்புக்குள் புகுந்து அவரைத் தாக்கினர். காவல்துறை வந்தது, தாக்கியவர்களை விட்டுவிட்டுத் தாக்கப்பட்டவரைப் பூர்வ ஜாதவ்பூர் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றது.

அவர் மீது சுமத்தப்பட்ட பிரிவுகளும் கவனிக்கத்தக்கவை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66 ஏ பிரிவு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 500ஆம் பிரிவு, அதாவது அவதூறு. 509ஆம் பிரிவு, அதாவது பெண்ணின் கண்ணியத்தை இழிவுபடுத்துதல். ஒரு பெண் முதலமைச்சரின் அரசியல் முடிவை நகையாடியது பெண்ணை இழிவுபடுத்திய குற்றமாக மாற்றப்பட்டது. பெண்களைக் காக்க இயற்றப்பட்ட பிரிவு அதிகாரத்தைக் காக்கும் கேடயமானது.

மாநில மனித உரிமை ஆணையம் அதே ஆண்டு ஆகஸ்டில், கைதான இருவருக்கும் தலா 50,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும், தொடர்புடைய காவல் அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரைத்தது. திரிணாமுல் அரசு அதை ஏற்கவில்லை. 2015 மார்ச்சில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்க உத்தரவிட வேண்டியதாயிற்று.

கேட்டது விசாரணை, வந்தது தடியடி

அதே ஜாதவ்பூரில் இரண்டாண்டுகளுக்குப் பின் நடந்தது இன்னொரு பாடம். 2014 ஆகஸ்டு இறுதியில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானார். பாரபட்சமற்ற விசாரணை வேண்டும் என்று மாணவர்கள் கோரினர். கோரிக்கை செவிமடுக்கப்படாததால் நிர்வாகக் கட்டடமான அரவிந்த பவனை முற்றுகையிட்டனர். செப்டம்பர் 16 நள்ளிரவுக்குப் பின், விளக்குகள் அணைக்கப்பட்ட நிலையில், துணைவேந்தர் அழைத்ததன் பேரில் காவல்துறை உள்ளே நுழைந்து மாணவ மாணவியரை அடித்து இழுத்துச் சென்றது. பலர் காயமுற்றனர், 30க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர்.

மாணவர்கள் அன்று கேட்டது என்ன என்பதை நினைவில் நிறுத்த வேண்டும். அவர்கள் சட்டத்தை மீறும் உரிமையைக் கேட்கவில்லை. சட்டம் செயல்பட வேண்டும் என்றே கேட்டார்கள். ஒரு குற்றத்தை ஒழுங்காக விசாரியுங்கள் என்றவர்கள் மீதுதான் தடி பாய்ந்தது. 'ஹோக் கொலொரப்', அதாவது 'ஆரவாரம் எழட்டும்' என்ற முழக்கம் அந்த இரவிலிருந்தே பிறந்தது. செப்டம்பர் 20 அன்று கொட்டும் மழையில் பல்லாயிரவர் கொல்கத்தா வீதிகளில் திரண்டனர். மாணவர்களின் சாகும்வரை உண்ணாவிரதத்துக்குப் பிறகு, 2015 ஜனவரி 12 அன்று முதலமைச்சரே வளாகத்துக்கு வந்து துணைவேந்தரின் பதவி விலகலை அறிவித்தார்.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொலையுண்டபோதும் இதே காட்சி திரும்ப நிகழ்ந்தது. பணியிடத்தில் ஒரு மருத்துவரைக் காக்கத் தவறிய நிர்வாகம், சமூக ஊடகத்தில் கேள்வி எழுப்பிய மூத்த மருத்துவர்களுக்கு லால்பஜார் காவல் தலைமையகத்திலிருந்து அழைப்பாணை அனுப்புவதில் சுறுசுறுப்புக் காட்டியது. அமைதியாகப் போராடுவோர் மீது அரசின் அதிகாரத்தை ஏவிவிட வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது.

இந்த நிகழ்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரிகிறது. குற்றம் நடந்த இடத்தில் காவல்துறை தாமதிக்கிறது. குற்றத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் விரைகிறது. சட்டம் ஒழுங்கு, மக்கள் உரிமை ஆகிய இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றும், பாதுகாப்பு வேண்டுமெனில் உரிமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் ஆளும் வர்க்க ஊடகங்கள் போதிக்கின்றன. ஜாதவ்பூர் கற்பிப்பது இதற்கு நேர்மாறானது. பேசும் உரிமை பறிக்கப்பட்ட இடத்தில் குற்றமும் விசாரிக்கப்படுவதில்லை.

செத்தும் சாகாத ஒரு பிரிவு

66 ஏ பிரிவு 2008 டிசம்பரில், போதிய விவாதமின்றி நாடாளுமன்றத்தில் நிறைவேறிய திருத்தத்தின் வழியே வந்தது. 'எரிச்சல்', 'அசௌகரியம்' விளைவிக்கும் செய்தியை இணையத்தில் அனுப்பினால் மூன்றாண்டுகள் வரை சிறை. யாருக்கு எரிச்சல், எது அசௌகரியம் என்பதற்கு வரையறை கிடையாது. ஆகவே காவல் நிலைய ஆய்வாளரே அதன் உரையாசிரியர் ஆனார். 2012ஆம் ஆண்டிலேயே புதுச்சேரியில் ஒரு மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காக ஒருவரும், மகாராஷ்டிரத்தின் பால்கரில் பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைக் கேள்வி கேட்டதற்காக இரண்டு இளம் பெண்களும் இப்பிரிவின் கீழ்ப் பிடிக்கப்பட்டனர். ஆண்ட கட்சிகள் வேறு வேறு; பயன்பட்ட கருவி ஒன்றே.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை அரசமைப்புக்கு முரணானது என்று முழுமையாக நீக்கியது. ஆயினும் 2021 மார்ச் நிலவரப்படி 11 மாநிலங்களில் 745 வழக்குகள் இதே பிரிவின் கீழ் நிலுவையில் இருந்தன என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அம்பிகேஷ் மகாபாத்ராவின் வழக்கிலும் 2021 செப்டம்பரில்தான் 66 ஏ கைவிடப்பட்டது. எஞ்சிய பிரிவுகளுக்காக அவர் மேலும் ஓராண்டுக்கு மேல் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும், இப்பிரிவின் கீழ் எவரையும் வழக்குக்கு உட்படுத்தக் கூடாது என்று ஆணையிட்டது. தீர்ப்பு ஏட்டில் மாண்டுபோன சட்டம், காவல் நிலையப் பதிவேட்டில் உயிர் வாழ்கிறது.

விட்னியின் வழக்கு

ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் இடதுசாரி இயக்கத்தினர் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. கருத்துரிமையின் மாண்பை விளக்க உச்ச நீதிமன்றம் மேற்கோள் காட்டிய உரைகளுள் ஒன்று, 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராண்டைஸ் எழுதியது. அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அனிதா விட்னி. கலிஃபோர்னியாவில் கம்யூனிஸ்ட் தொழிலாளர் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். 1919 நவம்பரில் ஓக்லந்து நகரில், கறுப்பின மக்களின் நிலை குறித்து உரையாற்றிய பின் கைது செய்யப்பட்டவர். அந்த நீதிமன்றம் அவருடைய தண்டனையை உறுதி செய்தது. ஆளுநரின் மன்னிப்பால்தான் அவர் சிறையிலிருந்து தப்பினார். அந்தத் தீர்ப்பு தவறு என்று அமெரிக்க நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 1969இல், பிராண்டன்பர்க் வழக்கில்.

பேச்சுரிமையின் தாயகம் என்று அமெரிக்கா தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 1791இலேயே அந்நாட்டு அரசமைப்பில் முதல் திருத்தம் எழுதப்பட்டுவிட்டது. ஆனால் ஏட்டில் இருந்த எழுத்து, கம்யூனிஸ்டுகளை 1949இல் ஸ்மித் சட்டத்தின் கீழ்த் தண்டிப்பதைத் தடுக்கவில்லை. 1970 மே 4 அன்று கென்ட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போர் எதிர்ப்புக் கூட்டத்தின் மீது சுட்டு நான்கு மாணவர்களைக் கொல்வதையும் தடுக்கவில்லை. 2025 மார்ச்சில் மாசசூசெட்சில் துருக்கிய ஆராய்ச்சி மாணவி ருமேசா ஓஸ்துர்க்கை முகமூடி அணிந்த அதிகாரிகள் நடுத்தெருவில் பிடித்துச் சென்றனர். காசா குறித்துப் பல்கலைக்கழக மாணவர் நாளிதழில் சக மாணவர்களுடன் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையைத் தவிர அவர் மீது காட்டத்தக்கது எதுவுமில்லை. ஆறு வாரங்களுக்கு மேல் லூசியானா தடுப்பு மையத்தில் வைக்கப்பட்ட பிறகே நீதிமன்றம் அவரை விடுவித்தது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மாணவியும் ஜாதவ்பூர்ப் பேராசிரியரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவரும் ஒரே வழக்கின் இரு தரப்பட்ட படிகள். உரிமை ஏட்டிலிருந்து பிறப்பதில்லை. அதற்காகச் சிறை சென்றோரின் போராட்டத்திலிருந்து பிறக்கிறது. போராட்டம் தளர்ந்தால் ஏட்டுக்கே திரும்பிவிடுகிறது.

தமிழ்நாட்டின் கணக்கு

இது வங்கத்தின் தனிக்கதை என்று தமிழ்நாட்டுத் தோழர்கள் எண்ணிவிடலாகாது. 1987இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில், அட்டைப்படத்தில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எழுந்த எதிர்ப்பால் சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார்; பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. 2015இல் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடிய கோவன் மீது தேசத்துரோக வழக்கு. 2017இல், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்கு இரையானதை வரைந்த கேலிச்சித்திரக் கலைஞர் பாலா கைது. கந்துவட்டிப் புகாரை வாங்கி வைத்துக்கொண்டு உறங்கிய நிர்வாகம், சித்திரத்தைக் கண்டதும் விழித்துக்கொண்டது. அதே ஆண்டு திருமுருகன் காந்தி மீது குண்டர் சட்டம். 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டு அனுப்பப்பட்ட வேளையில், டிரம்ப் அருகே மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாகக் காட்டிய சித்திரத்துக்காக விகடன் இணையதளம் முடக்கப்பட்டது. சித்திரத்தை அகற்றிவைக்கும் நிபந்தனையோடுதான் தளம் மீண்டும் திறக்கப்பட்டது.

அதே வேளையில் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும், 2025 ஜூனில் திருப்புவனத்தில் ஓர் இளைஞரும் காவல்துறையின் பிடியில் உயிரிழந்தனர். கைது செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை உச்ச நீதிமன்றம் 1996இலேயே வகுத்துத் தந்தது. அந்த வழக்கின் பெயரே டி.கே.பாசு எதிர் மேற்கு வங்க அரசு. சிரிப்பை அடக்கும் கையும் உயிரைப் பறிக்கும் கையும் ஒரே உடலைச் சேர்ந்தவை. பேச்சுக்குக் கணக்குக் கேட்கப் பழகிய காவல்துறை, தன் செயலுக்குக் கணக்குக் கொடுக்க மறுக்கிறது.

இடதுசாரிகளின் கடமை

மகாபாத்ராவின் கைதை எதிர்ப்பது இடதுசாரிகளுக்கு எளிது. எதிரில் இருந்தது திரிணாமுல் அரசு. கொள்கையின் உரைகல் அதுவன்று. 1977இல் இடது முன்னணி ஆட்சிப் பொறுப்பேற்றதும் முதலில் செய்தவற்றுள் ஒன்று, கருத்து வேற்றுமை பாராது அரசியல் கைதிகளை விடுவித்தது. அது இடதுசாரி மரபின் ஒளிமிக்க ஏடு. ஆனால் 2005 ஜூனில், அதே முன்னணியின் ஆட்சியில், ஜாதவ்பூரில் உண்ணாவிரதம் இருந்த மாணவர்கள் மீது காவல்துறை பாய்ந்ததும் வரலாறே. 2020 நவம்பரில் கேரளத்தில் கொண்டுவரப்பட்ட 118 ஏ அவசரச் சட்டம் இணைய அவதூறுகளிலிருந்து பெண்களைக் காக்கவே என்று கூறப்பட்டது. 66 ஏ பிரிவின் நிழல் அதில் விழுந்திருப்பதை இடதுசாரி ஆதரவாளர்களே சுட்டிக்காட்டினர். சில நாள்களில் அது கைவிடப்பட்டது. விமர்சனத்துக்குச் செவிசாய்த்தது நன்று. விமர்சனம் எழாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சிந்திக்க வேண்டும். காவல்துறை என்பது ஆட்சிக்கு வரும் கட்சியின் நிறத்துக்கேற்ப மாறும் ஆடையன்று. அரசு எந்திரத்தின் வர்க்கத் தன்மையைக் கற்ற இயக்கம், தன் ஆட்சியிலும் அந்த எந்திரத்தை நம்பி விட்டுவிட முடியாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் தேசத்துரோகம் என்ற சொல் இல்லை. 152ஆம் பிரிவில் அதன் பொருள் இருக்கிறது. அவதூறு 356ஆம் பிரிவாகத் தொடர்கிறது. எண்கள் மாறின, கருவி மாறவில்லை. 1972இல் வங்கத்தில் அடக்குமுறை உச்சத்தில் இருந்தபோது ஜனநாயக உரிமைப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. கைதுக்கு ஆளானபின் மகாபாத்ரா ஒதுங்கிப்போகாமல், தாக்குதலுக்கு உள்ளான சாமானியர்களை ஒன்றிணைத்து 'ஆக்ராந்த ஆம்ரா' என்னும் மேடையைக் கட்டினார். தமிழ்நாட்டிலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் கட்சிக் கிளைகள், வழக்கறிஞர் அமைப்புகள், மாணவர் வாலிபர் இயக்கங்கள் செய்ய வேண்டியது இதுவே. கைது நடந்த இரவே காவல் நிலைய வாயிலுக்குச் செல்லும் குழுக்களை அமைக்க வேண்டும். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். ஏழாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யலாகாது என்ற 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பை ஒவ்வொரு கிளைச் செயலாளரும் அறிந்திருக்க வேண்டும். கைதானவர் தோழராயினும் மாற்றாராயினும் இதையே செய்ய வேண்டும்.

ஏனெனில் பூர்வ ஜாதவ்பூர் காவல் நிலையத்துக்கு அன்று இரவு அழைத்துச் செல்லப்பட்டவர் ஒரு பேராசிரியர். பேராசிரியர் அல்லாத, ஊர் பெயர் அறியாத, ஒரு கூலித் தொழிலாளியைத் தேடி அத்தகைய வாயிலில் யார் நிற்பார்? அந்த இடத்தில் நிற்பதற்கே செங்கொடி இயக்கம் இருக்கிறது.